புறங்கை

பஞ்சு பட்டதும் அவளுடைய தோள் தானாகத் தூக்கிக்கொண்டது. வெறும் பஞ்சுதான். காதில் மருந்து விட்டு அடைக்கிற அளவுக்கு ஒரு சின்ன உருண்டை. அதை முதுகின் வலது பக்கத்தில் மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டு வந்தான் அந்த பிசியோதெரபிஸ்ட். எதுவரைக்கும் பஞ்சு பஞ்சாக இருக்கிறது, எங்கே நெருப்பாகிறது என்று சொல்லச் சொல்லியிருந்தான். "பஞ்சு, பஞ்சு, பஞ்சு" என்று பள்ளிப் பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டே வந்தவள், அக்குளுக்கு நேராக வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். அவனுக்கு அதுவே போதுமாயிருந்தது. அங்கிருந்து இரண்டு விரல் மேலே தள்ளி ஒரு புள்ளி வைத்தான். பிறகு இடுப்புப் பக்கமிருந்து மேல்நோக்கி வந்து, அவள் மறுபடி வாயை மூடிய இடத்துக்குக் கீழே இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே ஒரு கையகலப் பட்டை. முதுகெலும்பின் ஓரத்தில் தொடங்கி, அக்குளுக்குக் கீழே வளைந்து, முன்னால் மார்பின் மேல்விளிம்பு வரை போகிற பட்டை. பார்வைக்கு அங்கே ஒன்றும் கிடையாது. மற்ற இடத்துத் தோல் மாதிரியே சுத்தமாக இருந்தது.

அக்கி வந்தபோது அங்கே கொப்புளங்கள் இருந்தன. பார்த்தவர்களெல்லாம் உச்சுக் கொட்டினார்கள். கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்ததும் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். வலி மட்டும் போகவில்லை. குடியிருந்தவன் வீட்டைக் காலி செய்துவிட்டு விளக்கை அணைக்காமல் போன மாதிரி, நரம்பு அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அழுத்தினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், துணி உரசினால் தாங்க முடியாது. டாக்டர் கொடுத்த மாத்திரை வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியது. ஆனால் அவளையும் சேர்த்து மட்டுப்படுத்தியது. காலை பத்து மணிக்கு நாற்காலியில் வாய் திறந்து தூங்கினாள். அப்படித் தூங்குகிறவள் கையில் யாரும் பள்ளிக்கூட வேனைக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தாலும் அவள் வாங்கியிருக்க மாட்டாள்.

வேன் ஓட்டுவதுதான் அவள் வேலை. பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பெல்ட் அத்தை. கடைசிப் பிள்ளையின் பெல்ட்டும் மாட்டிய சத்தம் கேட்கும்வரை சாவியைத் திருக மாட்டாள். யார் மாட்டாமலே நாக்கால் 'டக்' என்று சத்தம் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்பதுகூட அவள் காதுக்குத் தெரியும். அந்த பெல்ட்தான் இப்போது அவளால் போட முடியாததாகிவிட்டது. தோளிலிருந்து குறுக்கே இறங்கும் பட்டை, சரியாக அந்த நெருப்பின் விளிம்பில் வந்து படிந்தது. அடியில் துண்டு வைத்துப் பார்த்தாள், குழந்தைத் தலையணை வைத்துப் பார்த்தாள். வண்டிகளை மேற்பார்க்கும் மேனேஜர் நல்ல மனுஷன். பக்கத்துப் பக்கத்துத் தெருக்கள்தானே, பெல்ட்டைச் சும்மா மேலே போட்ட மாதிரி வைத்துக்கொண்டு ஓட்டுங்களேன் என்று காதோடு சொல்லிப் பார்த்தார். அவள் சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். இப்போது வேறொருவன் ஓட்டுகிறான். ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறானாம். பிள்ளைகளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அவள் வருவாளா மாட்டாளா என்று தெரிய வேண்டும், இல்லையென்றால் அவனையே நிரந்தரமாக வைத்துக்கொள்வோம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதில் தப்பொன்றும் இல்லை. யாராவது ஓட்டித்தானே ஆகவேண்டும்.

அதனால்தான் தூங்கவைக்காத வைத்தியமாக ஒன்று தேடி இங்கே வந்திருந்தாள். இந்த பிசியோதெரபிஸ்ட்டுக்கு அந்தக் கட்டடத்தில் 'கரண்ட் தம்பி' என்று பெயர். மேசைமேல் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு கருவி இருந்தது. அதிலிருந்து மெல்லிய வயர்கள் கிளம்பி, நான்கு ஒட்டும் பட்டைகளில் போய் முடிந்தன. தோல் வழியாகக் கொஞ்சமாக மின்சாரம் போகும், அவ்வளவுதான் என்றான். முழங்கையை இடித்துக்கொண்டால் நாமே உடனே தேய்த்துவிட்டுக்கொள்கிறோம் இல்லையா, தேய்க்கிற உணர்ச்சி முந்திக்கொண்டு மூளைக்குப் போனால் வலி பின்னால் நிற்கும், அதேதான் இது; தேய்க்க முடியாத இடத்தில் கருவி தேய்க்கிறது என்றான். இதயத்துக்கு ஏதாவது கருவி வைத்திருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டான். வலிக்கிற இடத்தில் ஒட்டவே கூடாது, நெஞ்சுப் பக்கமும் கூடாது, முதுகில் மேலேயும் கீழேயும் நல்ல தோலில்தான் ஒட்ட வேண்டும். போட்டுக்கொண்டு குளிக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கணும்க்கா. கட்டெறும்பு ஆயிடக் கூடாது. ஆச்சுன்னா சொல்லிருங்க."

திரைச்சீலைக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக அவள் கணவர் நின்றுகொண்டிருந்தார். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். வேலையிலிருந்து நேராக வந்ததால் தலையில் சுவர் உடைத்த தூள், சட்டைப் பையில் டெஸ்டர். அந்தச் சின்னப் பெட்டியை அவர் பார்த்த பார்வை, தன் மீட்டரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரன் திருட்டுக் கொக்கி போட்டிருப்பதைக் கண்டுபிடித்தவனின் பார்வை. மின்சாரமும் மனுஷத் தோலும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வாழ்நாள் உத்தியோகம். இங்கே ஒருவன் இரண்டையும் வேலை மெனக்கெட்டுப் பசை போட்டு ஒட்டுகிறான்.

எறும்புகள் வந்தன. முதலில் நாலைந்து, பிறகு ஒரு கூட்டம். ஒட்டிய இடங்களுக்கு நடுவே அவை அங்குமிங்கும் அலைந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வலி போய்விட்டது என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த மாவு மெஷினை யாரோ கதவைச் சாத்திவிட்டு ஓட்டுகிற மாதிரி இருந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவள் வேறு சத்தங்களைக் கேட்டாள். வெளியே ஒரு குழந்தை அடம்பிடித்து அழுதது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். எல்லாம் முடிந்து சட்டையைப் போட்டுக்கொண்டபோது, துணி இறங்குவதற்காகப் பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். துணி இறங்கியது. எரிந்தது. ஆனால் பல்லைக் கடித்தது கொஞ்சம் அதிகப்படி என்று தோன்றும் அளவுக்குத்தான் எரிந்தது.

"வீட்ல யாருக்கா ஒட்டிவிடுவாங்க? முதுகுல உங்களுக்கே எட்டாது" என்று கேட்டான் கரண்ட் தம்பி.

அவள் கணவரைப் பார்க்கவில்லை. அவர் சுவரிலிருந்த ஸ்விட்ச்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோணலாக வைத்திருக்கிறார்கள் என்பது மாதிரி. பாத்துக்கலாம் தம்பி என்றாள். கருவியைக் கொஞ்ச நாள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுத்தான்.

அக்கி வந்ததிலிருந்து அவர் அவளைத் தொட்டதில்லை. கோபமெல்லாம் ஒன்றுமில்லை. ஒருமுறை தூக்கத்தில் அவர் கை அவள் முதுகில் பட்டு, அவள் போட்ட அலறலில் எழுந்து உட்கார்ந்தவர், மறுநாளிலிருந்து கூடத்தில் பாயை விரித்துக்கொண்டார். அவள் நடந்து வந்தால் கதவோரமாக ஒதுங்கி வழி விட்டார். தண்ணீர்ச் செம்பைக்கூடக் கையில் தராமல் மேசைமேல் வைத்தார். அக்கறைதான். ஆனால் அந்த அக்கறையில் அவள் வீட்டுக்குள்ளேயே ஒரு மண்டை ஓடு போட்ட எச்சரிக்கைப் பலகையாகிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முகம்கூடக் கழுவவில்லை. மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு கருவியை முன்னால் வைத்து உட்கார்ந்தார். டெஸ்டரை எடுத்து, கருவியை ஓடவிட்டு, ஒட்டும் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். டெஸ்டருக்குள்ளிருக்கும் சிவப்பு விளக்கு எரியவில்லை. டெஸ்டரைக் கழற்றி, ஊதி, சுவர் பிளக்கில் வைத்துச் சோதித்தார்; எரிந்தது. மறுபடி கருவியில் வைத்தார். எரியவில்லை. கடைசியில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு பட்டையைத் தன் உள்ளங்கையிலேயே வைத்துப் பார்த்தார். பிறகு அடுத்ததை. பிறகு கருவியை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் முகத்தில் வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது.

"இதுல கரண்ட்டே இல்ல."

அவள் ஊர்ந்த எறும்புகளைப் பற்றிச் சொன்னாள். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. செல்போன் உதறுகிறதில்லையா, அதுபோல உள்ளே ஒரு குட்டி மோட்டாரை வைத்திருப்பான், அதிர்வைத்தான் எறும்பு என்று நினைத்துக்கொண்டாய் என்றார். அப்படியானால் வலி குறைந்தது எப்படி என்று அவள் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள்.

"நல்லாகணும்னு நீ ரொம்ப நெனச்ச. மனசு கேட்டுக்கிச்சு" என்றார். திட்டுகிற குரலில்லை. குழந்தைக்குச் சமாதானம் சொல்கிற குரல்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இதே வார்த்தையை நாத்தனாரும் சொல்லியிருந்தாள். அக்கா தம்பி இரண்டு பேருக்கும் ஒரே வாய். மேலுக்கு ஒரு தழும்புகூட இல்லை, இன்னுமா வலிக்கிறது, எல்லாம் மனசுதான், வேலைக்குப் போனால் சரியாகிவிடும் என்று போனில் சொன்னபோது, இவள் அந்தப் பேச்சைக் காற்றோடு விட்டுவிட்டாள். இதை அப்படி விட முடியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று முதுகைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு புள்ளிகள் இருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. பெட்டி காலி என்றால் இன்று குறைந்த வலி பொய். குறைந்தது பொய் என்றால் இருந்ததும் பொய்தானோ. இத்தனை மாதமாக ஒரு பொய்க்காகத்தான் சாவியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாளா. இந்த யோசனை வலியைவிட மோசமாக இருந்தது. வலியாவது ஓரிடத்தில் நின்றது.

மறுநாள் அவர் கருவியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். போகிற வழியில் அந்தத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். டெஸ்டரும் கையில் தயாராக இருந்தது. ஆதாரத்தோடு போகிறாராம்.

அவள் அடுப்படியிலிருந்து வந்து பையை வாங்கிக் கருவியை வெளியே எடுத்தாள்.

"கைய நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்களேன். அதுலதான் கரண்ட்டே இல்லையே, என்ன பயம்."

வயர்மேனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும். முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டுக் கையை மேசைமேல் போட்டார். முன்கையின் உட்பக்கத்தில், முடியில்லாத இடமாகப் பார்த்து இரண்டு பட்டைகளை ஒட்டினாள். டெஸ்டர் இன்னமும் அதே கையில்தான் இருந்தது. அவள் கருவியின் திருகுக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். அவர் முதலில் உதட்டைப் பிதுக்கினார். பிறகு உதடு அப்படியே நின்றது. புருவம் இறங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் இன்னும் ஒரு கோடு ஏற்றினாள். அவருடைய மோதிரவிரல், யாரும் கூப்பிடாமல், எழுந்து மடங்கியது. நிமிர்ந்தது. மறுபடி மடங்கியது. பக்கத்து விரலும் அதோடு சேர்ந்துகொண்டது. டெஸ்டர் கையிலிருந்து நழுவி மேசையில் உருண்டு கீழே விழுந்தது.

"நான் மடக்கல" என்றார் அவர்.

"தெரியுது. ரொம்ப நல்லாகணும்னு நெனச்சீங்க போல. மனசு கேட்டுக்கிச்சு."

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அணைக்கட்டுமா என்று கேட்டதற்கு, இரு இரு என்றார். ஒரு பட்டையைப் பாதி உரித்தார், விரல் நின்றது. ஒட்டினார், விரல் ஆடியது. இப்படி மூன்று நான்கு தடவை செய்தபிறகு அவர் முகம் மாறியது. கோணலான ஸ்விட்ச்போர்டின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்ட முகம். வீட்டு மின்சாரம் ஒற்றை வயரைத் தொட்டாலே நம் உடம்பு வழியாகத் தரையைத் தேடி ஓடும், அந்த ஓட்டத்தில்தான் டெஸ்டர் விளக்கு எரியும். இது பாட்டரிக்காரப் பிள்ளை. ஒரு பட்டையில் கிளம்பி இன்னொரு பட்டையில் புகுந்து வந்த இடத்துக்கே திரும்பிவிடுகிறது. தரையை அது எட்டியே பார்ப்பதில்லை. ஒன்றொன்றாகத் தொட்டுப் பார்த்தால் எப்படித் தெரியும்? இதையெல்லாம் அவர் அவளுக்குச் சொல்கிற மாதிரி தனக்கே சொல்லிக்கொண்டார்.

"டெஸ்டர் மேல தப்பில்ல. அதுக்கு இந்த கரண்ட்டத் தெரியாது, அவ்ளோதான்."

சொல்லி முடித்தவர் கையிலிருந்த பட்டைகளை உரித்து, வயரைச் சுற்றி, மறுபடி பிரித்தார். வெளியே அவருக்காக யாரோ ஹாரன் அடித்தார்கள். வேலை வீட்டுக்காரராக இருக்கும். அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு, அக்கி வந்த நாளிலிருந்து அவர் கேட்டேயிராத ஒன்றைக் கேட்டார்.

"எங்க வலிக்குது? எதுலேர்ந்து எதுவரைக்கும்? சரியாக் காட்டு."

அவருடைய பழைய பருத்திச் சட்டைகளைத்தான் அவள் வீட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். துவைத்துத் துவைத்து நைந்து, உடம்பில் படுவதே தெரியாத சட்டைகள். திருப்பிப் போட்டுக்கொள்வாள், பொத்தான்கள் முதுகுப் பக்கம் வரும். அவள் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தாள். பொத்தான்களை அவர் கழற்றினார். துணியை இரண்டு பக்கமும் விலக்கும்போது அது தோலைத் தொடாமல் விலகியது. உதிர்கிற சுவருக்குள்ளிருந்து பழைய வயரை உருவுகிற பதம் அந்தக் கைக்குத் தெரியும்.

பிறகு அவர் கை முதுகில் பட்டது. உள்ளங்கையில்லை, புறங்கை.

அது ஏன் என்று அவளுக்குப் புரிந்தது. புது இடத்தில், மெயினை அணைத்த பிறகும், சந்தேகமுள்ள ஒரு வயரை அவர் அப்படித்தான் தொடுவார். உள்ளங்கையால் தொட்டால் மின்சாரம் கையை மூடவைத்து வயரைப் பிடித்துக்கொள்ளச் செய்துவிடும். புறங்கையென்றால் கை தானாக விலகி ஓடும். கல்யாணமான புதிதில் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தது. இப்போது விரல்முட்டிகளின் பின்பக்கத்தால், இரும்பாகக் காய்த்துப்போன உள்ளங்கை படாமல், தோள்பட்டையிலிருந்து நூல்நூலாக இறங்கிக்கொண்டிருந்தார். அவள் "கை, கை, கை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நின்றாள். அவரும் நின்றார். புருவம் தீட்டுகிற பென்சிலை வாங்கி, சுவரில் குழாய் போகும் வழியைக் குறிப்பதுபோல, நெருப்புக்கு வெளியே தள்ளிக் கோடு போட்டார். கீழேயிருந்தும் அப்படியே. வேலை முடிந்தபோது அவள் முதுகில் ஒரு தீவின் கரை மாதிரி கோடு வளைந்து கிடந்தது.

"இவ்ளோ பெருசா?" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். ஹாரன் மறுபடி அடித்தது. அவர் ஜன்னலுக்குப் போய், இன்னும் கொஞ்ச நேரமாகும் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்து, பட்டைகளை ஒட்டினார்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிடவில்லை. ஒருநாள் அவசரத்தில் ஒரு பட்டையைக் கோட்டுக்கு உள்ளே ஒட்டிவிட்டு அவள் கத்தியதில் அவரே அழுகிற மாதிரி ஆகிவிட்டார். வியர்வை பட்டுப் பட்டைகள் ஒட்டாமல் போயின. ஒரு சொட்டுத் தண்ணீர் தடவினால் இன்னும் சில நாளைக்கு உயிர் வரும் என்று கரண்ட் தம்பி சொல்லிக்கொடுத்தான். எறும்புகள் சில நாட்களில் பழகிப்போய்த் தெரியாமலே போயின. அப்போது ஓட்டத்தின் வேகத்தைக் கொஞ்சம் மாற்றிவைத்தால் மறுபடி வந்தன. டாக்டரைக் கேட்டு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். நிறுத்திய வாரம் படுமோசமாக இருந்தது. ஆனால் காலையில் விழித்திருந்தாள். கருவியை அணைத்த பிறகும் வலி உடனே திரும்பி வருவதில்லை, வர மனமில்லாத விருந்தாளி மாதிரி வாசலில் கொஞ்ச நேரம் நிற்கிறது என்பதைக் கண்டுபிடித்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில், ஏணி கட்டிய அவருடைய சின்ன வண்டியில் ஏறி உட்கார்ந்து, நிறுத்திய இடத்திலேயே பெல்ட்டைப் போட்டுப் பழகினாள். தெருவில் போகிறவர்கள் எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்டார்கள். எங்கேயும் இல்லை என்றாள். ஒரு நாள் நாத்தனார் வந்திருந்தபோது, அக்காவின் கையிலும் இரண்டு பட்டையை ஒட்டிவிடவா என்று அவர் பெட்டியோடு கிளம்பினார். அந்த அம்மாள் காபியைக்கூட முடிக்காமல் கிளம்பிப் போனாள்.

பள்ளிக்கூடம் திறக்க இருந்த வாரத்தில் மேனேஜரிடம் போய் நின்றாள். அவர் அவளையும் பின்னால் நின்ற கணவரையும் பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்தார்.

"நான் கூட வரலம்மா. உங்க ரூட்ட ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. முடியுமா முடியாதான்னு நீங்களே சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, அதுதான் எனக்குக் கஷ்டம்."

பட்டைகளைச் சட்டைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு, கிளம்பும் முன் கருவியைப் போட்டு முடித்து, வயரை அதிலிருந்து கழற்றி, கருவியைக் கணவரிடம் கொடுத்திருந்தாள். கணவர் அவளுக்குப் பின்சீட்டில், பிள்ளைகள் உட்காரும் சீட்டில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார். பெல்ட் என்றாள். அவர் மாட்டினார். அவளும் தன்னுடையதை இழுத்துக் குறுக்கே கொண்டுவந்து மாட்டினாள். நெருப்பின் கரையில் அது படிந்தது. சுட்டது. சுடுகிறது என்று தெரிந்துகொண்டே கண்ணாடியைச் சரிசெய்தாள், சாவியைத் திருகினாள்.

வேன் கிளம்பியதும் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கிளட்ச்சைக் கால் மறந்திருக்கவில்லை. அந்த ஒற்றைக் கை டிரைவர்க்காரன் இருக்கையைப் படுக்கையாக்கி வைத்திருந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் காலி சீட்டுகளின் பெல்ட் கொக்கிகள் ஒன்றோடொன்று மோதி, இல்லாத பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஏமாற்றுகிற மாதிரி சத்தம் போட்டன. வழக்கமாக நிற்கிற இடங்களிலெல்லாம் நின்றாள். கதவைத் திறந்தாள், மூடினாள்.

பாதி வழியில், ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது, வாசலில் நின்ற விருந்தாளி உள்ளே வந்துவிட்டான். கை ஸ்டியரிங்கிலேயே இறுகியது. ஒரு நீண்ட மதிலோரமாக நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, நெற்றியைத் துடைத்தாள். அவர் எழுந்து வந்து, காலருக்குள்ளிருந்து வயர் முனைகளை எடுத்துக் கருவியில் மாட்டிக் கையில் கொடுத்தார். எறும்புகள் வந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள், மண்வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. இப்படியே, அணைக்காமல், சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு யோசனை வந்தது. நாளை, மறுநாள், எப்போதும் அப்படியே ஓட்டலாம். கை சாவிவரை போனது. மேசைமேல் யாரும் கூப்பிடாமல் மடங்கி மடங்கி எழுந்த அந்த மோதிரவிரல் ஞாபகம் வந்தது. பிரேக்கில் இருக்கிற கால் அப்படி ஆடினால்?

கருவியை அணைத்து, வயரைக் கழற்றி, பின்னால் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"முடியலன்னா நான் ஓட்டிட்டுப் போறேன். தப்பில்ல" என்றார்.

"தெரியும்."

பெல்ட்டைப் போட்டாள். வலி இருந்தது. ஆனால் அது இப்போது அவளுடைய சீட்டில் இல்லை, பின்னால் எங்கேயோ ஒரு சீட்டில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திரும்பும்வரை உட்கார்ந்திருக்குமா, இடையில் எழுந்து முன்னால் வருமா என்று தெரியவில்லை. தினமும் ஒருமுறை மதிலோரம் நிற்க வேண்டியிருக்குமோ என்னவோ. மேனேஜரிடம் அதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளை ஏற்றுமுன், பிள்ளைகளை இறக்கியபின் என்று நேரத்தை எப்படி வெட்டிப் பொருத்தலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே அடுத்த தெருவுக்குள் திரும்பினாள்.

அங்கே பச்சைக் கதவு வீட்டின் முன்னால் நிறுத்தி, பழக்கத்தில் ஒருமுறை ஹாரனைத் தட்டிவிட்டாள். உள்ளேயிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். இரண்டாம் வகுப்பு. வேனைப் பார்த்தவள் அப்படியே உறைந்துபோனாள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்கிற பேரிடி அந்த முகத்தில் இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது. "அம்மா" என்று ஒரே கத்தாகக் கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பின்னாலேயே அம்மாக்காரி கையில் சீப்போடு வெளியே வந்து, வேனைப் பார்த்து, ஸ்டியரிங்கில் இருந்தவளைப் பார்த்து, சிரிக்கத் தொடங்கிவிட்டாள். பின்சீட்டில் அவரும் சிரித்தார்.

சிறுமி மறுபடி வந்தாள். அம்மாவின் இடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பிறகு கொஞ்சம் வெளியே வந்து, படியில் நின்றாள். தலையில் ஒரு பக்கம்தான் பின்னியிருந்தது. மறுபக்கத்து முடி அவிழ்ந்து, காற்றில் முகத்தை மூடி மூடி விலகியது. அவள் உள்ளேயும் போகவில்லை, வேனுக்குப் பக்கத்திலும் வரவில்லை. என்ஜின் மெல்ல உறுமிக்கொண்டிருக்க, வேனின் கதவு திறந்தே இருந்தது.